எல்லைக்குக் கல்விப் பயணம்: டூசான் – நொகாலெஸ், போகலாமா? போனால் எப்படி?

கள்ளிப்பூ | செப்டம்பர் 4, 2025

அரிசோனாவில் முதுகலை படிக்கிறேன், எஃப்-1 (மாணவர்) விசா. எங்கள் துறையில் ஒரு வாரக் கல்விப் பயணம் அறிவித்திருக்கிறார்கள். டூசானில் தங்கி, நொகாலெஸ் வழியாக மெக்சிகோ பக்கம் போய், புலம்பெயர்ந்தோர் நீதி பற்றித் தெரிந்துகொள்வதாம். என்ன எடுத்துப் போக வேண்டும், விசாவுக்குச் சிக்கல் வருமா, இந்தக் காலத்தில் போவதே சரியா? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

எல்லைக்கல் | செப்டம்பர் 4, 2025

போகலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதில் முதலிலேயே தெளிவு வேண்டும். சுவரைப் பார்ப்பது அரைமணி நேர வேலை. நொகாலெஸில் (எல்லையின் இரு பக்கமும் இதே பெயரில் ஊர் உண்டு) அமெரிக்கப் பக்கத்து மோர்லி அவென்யூவில் இறங்கினால் கண்ணெதிரே நிற்கும். கற்க வேண்டியது சுவருக்குப் பின்னால் ஓடும் நடைமுறை: யாரை எங்கே பிடிக்கிறார்கள், எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள், எந்த வாசல் வழியாகத் திருப்பி அனுப்புகிறார்கள், பாலைவனத்தில் இறந்தவரின் உடல் எந்த அலுவலகத்துக்குப் போகிறது. இதெல்லாம் டூசானைச் சுற்றி ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இத்தகைய பயணங்கள் பல ஆண்டுகளாக அங்கே நடப்பதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு காரணம் வரலாறு. எல் சால்வடோர், குவாத்தமாலா உள்நாட்டுப் போர்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் தருவதாக டூசானின் சவுத்சைட் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் 1982 மார்ச் 24 அன்று பகிரங்கமாக அறிவித்தது. போதகர் ஜான் ஃபைஃப். அடைக்கல இயக்கம் என்று பின்னால் பெயர் பெற்றது அங்கிருந்து கிளம்பியதுதான். இன்று எல்லை தாண்டி நடப்பவர்களுக்காகப் பாலைவனத்தில் தண்ணீர் வைக்கும் குழுக்களில் பலவற்றின் வேர் அதில் இருக்கிறது.

விசா விஷயம் சுருக்கமாக: கடவுச்சீட்டு, ஐ-20 எனும் பல்கலைக்கழகச் சான்று (பயணக் கையொப்பம் ஓராண்டுக்குள் போட்டதாக இருக்க வேண்டும்), ஐ-94 எனும் அமெரிக்க நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதி. விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும் 30 நாளுக்கு உட்பட்ட மெக்சிகோ பயணம் என்றால் தானியங்கி மறுசெல்லுபடி விதியின்கீழ் திரும்பி வரலாம். அதனால் கவலை வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 4 லிட்டர் தண்ணீர், மூடிய காலணி, தொப்பி. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

மணல்மேடு | செப்டம்பர் 5, 2025

மன்னிக்கவும், எனக்கு இது துயரத்தைச் சுற்றிப் பார்க்கும் சுற்றுலா என்றுதான் படுகிறது. வேனில் பன்னிரண்டு பேர் போய் இறங்கி, நாடுகடத்தப்பட்டவர் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்துவிட்டு, ராத்திரி வட்டமாக உட்கார்ந்து அழுவது. அந்தப் பணத்தை அங்கே தங்குமிடம் நடத்துபவர்களுக்கு அனுப்பினால் போதாதா?

எல்லைக்கல் | செப்டம்பர் 5, 2025

கேள்வி நியாயமானது. அவசரமாகப் பதில் சொல்ல விரும்பவில்லை. நாளை எழுதுகிறேன்.

எல்லைக்கல் | செப்டம்பர் 6, 2025

மணல்மேடு சொல்வது போன்ற பயணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை இவை.

கட்டணத்தில் எவ்வளவு எல்லையில் உள்ள உள்ளூர் அமைப்புகளுக்கும் பேச்சாளர்களுக்கும் போகிறது? கணக்கைத் தாளில் காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன் கதையைச் சொல்பவருக்கு மதிப்பூதியம் உண்டா? மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் உண்டா, அல்லது ஸ்பானிஷ் தெரிந்த மாணவரின் தலையில் கட்டுகிறார்களா? ஒருவரின் தஞ்சக் கதையை அரைகுறை ஸ்பானிஷில் மொழிபெயர்ப்பது அவருக்குச் செய்யும் அநீதி. தவிர, குவாத்தமாலாவிலிருந்து வருபவர்களில் பலருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள்தான் தாய்மொழி. சென்னைக்கு வந்த சந்தாலிப் பெண்ணிடம் இந்தியில் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வது போன்றது அது.

அடுத்தது, தங்குமிடம் உங்களை அழைத்ததா, அல்லது ஏற்பாட்டாளர் அனுமதி வாங்கினாரா? இரண்டும் வேறு. நொகாலெஸில் இயேசு சபையினரும் மற்றவர்களும் சேர்ந்து 2009-இல் தொடங்கிய கீனோ எல்லை முன்முயற்சி போன்ற இடங்களில் பார்வையாளர் எப்போது, எத்தனை பேர், என்ன செய்யலாம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். சோறு பரிமாறச் சொன்னால் பரிமாறுங்கள், பாத்திரம் தேய்க்கச் சொன்னால் தேய்த்துவிட்டு வாருங்கள். மேசை மேசையாகப் போய்ப் பேட்டி எடுக்கும் இடம் அதுவல்ல.

குழு 8 முதல் 12 பேருக்கு மேல் இருந்தால் எந்தத் தங்குமிடத்துக்கும் பாரம்தான். பதினைந்து பேர் ஏறும் வேனைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஆள் நிறைந்தால் கவிழும் அபாயம் அதிகம், பாலைவனத்து மண்பாதையில் இன்னும் மோசம்.

பணம் அனுப்பினால் போதாதா என்றால், அனுப்ப முடிந்தவர் அனுப்பட்டும். ஆனால் நாளைக்குச் சட்டத்துறையிலோ பத்திரிகையிலோ மருத்துவத்திலோ வேலை செய்யப் போகிறவர் நீதிமன்றத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்ப்பதை நன்கொடை ஈடு செய்யாது. இதுதான் என் பதில். முழுப் பதிலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆவணப்பெட்டி | செப்டம்பர் 7, 2025

விசா பற்றி எல்லைக்கல் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கள்ளிப்பூ கவனிக்கவும்.

தானியங்கி மறுசெல்லுபடி அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கான விதி. மெக்சிகோவுக்குள் நுழைவதற்கு அது உதவாது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் மெக்சிகோ விசா இல்லாமல் போக, செல்லுபடியாகும் அமெரிக்க விசா அல்லது பச்சை அட்டை (கிரீன் கார்டு) போன்ற ஒன்று வேண்டும். முத்திரை காலாவதி என்றால் மெக்சிகோ தூதரகத்தில் விசா எடுத்தாக வேண்டும். நொகாலெஸில் நடந்து போகும்போது யாரும் நிறுத்திக் கேட்காமல் இருக்கலாம். அதை நம்பிப் போகாதீர்கள். உள்ளே ஏதாவது ஒரு சோதனையில் மாட்டினால் நுழைவுப் பதிவு இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். எஃப்எம்எம் நுழைவுப் பதிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவில் இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால் மறுசெல்லுபடி போய்விடும்.

படிப்பு முடித்து ஓபிடியில் (மாணவர் விசாவிலேயே செய்யும் வேலைப் பயிற்சி) இருப்பவருக்கு ஐ-20 கையொப்பம் ஆறு மாதத்துக்குள் வேண்டும், வேலை அனுமதி அட்டையும் கையில் வேண்டும். பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர் (ஐ-485) முன் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதப்படும். எச்-1பி, எல்-1 வேலை விசாக்கள் செல்லுபடியாக இருந்து அதே விசாவில் திரும்புகிறவர்களுக்கு விலக்கு உண்டு. தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் உள்ள ஈழத் தமிழர் யாராவது இதைப் படித்தால்: வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு அடிகூட அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

எல்லைக்கல் | செப்டம்பர் 7, 2025

ஆவணப்பெட்டிக்கு நன்றி. "கவலை வேண்டாம்" என்று எழுதியது தவறு. திரும்பும் வழியை மட்டும் யோசித்து எழுதிவிட்டேன். அந்தப் பத்தியை இதைக் கொண்டு திருத்திப் படிக்கவும்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இந்த 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் (அரசின் மாணவர் பதிவேடு) பதிவுகளை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தினார்கள். வழக்குகளுக்குப் பிறகு திருப்பிப் போட்டார்கள். முன்பு எந்தக் காரணத்துக்காகவாவது, வண்டி ஓட்டிய அபராதமாக இருந்தாலும், காவல்துறைப் பதிவு உள்ளவர்கள் பல்கலைக்கழகத்தின் டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவருக்கான அலுவலர்) எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே முடிவெடுங்கள்.

கள்ளிப்பூ | செப்டம்பர் 9, 2025

டிஎஸ்ஓவிடம் பேசினேன். "தேவை இல்லாமல் வெளியே போகாதே" என்றார். அமெரிக்கப் பக்கம் மட்டும் இருந்துகொண்டால் இந்தப் பயணத்தில் ஏதாவது மிஞ்சுமா?

எல்லைக்கல் | செப்டம்பர் 9, 2025

நிறைய மிஞ்சும். குழு அந்தப் பக்கம் போகும் ஒரு நாளில் நீங்கள் டூசான் நீதிமன்றத்தில் இருங்கள். மேற்கு காங்கிரஸ் தெருவில் உள்ள ஈவோ டிகான்சினி கூட்டாட்சி நீதிமன்றம். விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. புகைப்பட அடையாள அட்டை வேண்டும், கைபேசியை அணைத்து வைக்க வேண்டும், படமோ ஒலிப்பதிவோ கூடாது. குறிப்பேடும் பேனாவும் போதும். எந்த நீதிபதி முன் எத்தனை மணிக்கு என்பதை அன்று காலை எழுத்தர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டியல் தினமும் மாறும்.

அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போனால்தான் பார்ப்பது புரியும். 'ஆபரேஷன் ஸ்ட்ரீம்லைன்' என்ற திட்டம் 2005-இல் டெக்சாஸின் டெல் ரியோவில் தொடங்கி 2008-இல் டூசானுக்கு வந்தது. ஒரே மதியத்தில் 75 பேர் வரை. காலையில் வழக்கறிஞருடன் அரைமணி நேரம் போலப் பேச்சு. மதியம் கூட்டமாகக் குற்ற ஒப்புதல், தண்டனை. ஆண்டுக்கணக்கில் கை, இடுப்பு, கால் மூன்றிலும் சங்கிலியோடு நிற்க வைத்தார்கள். நீதிபதி கேட்பார், ஒருவர் பின் ஒருவராக "குல்பாப்ளே" என்பார்கள். குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளும் ஸ்பானிஷ் சொல் அது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றோடு டூசானில் அந்தக் கூட்ட வடிவம் நின்றது. ஆனால் அதன் அடியில் இருக்கும் இரண்டு சட்டப் பிரிவுகள் அப்படியேதான் இருக்கின்றன: 1325 (அனுமதியின்றி நுழைதல், முதல் முறைக்கு 6 மாதம் வரை), 1326 (வெளியேற்றப்பட்ட பிறகு மறுபடி நுழைதல், 2 ஆண்டு வரை, முந்தைய குற்றப் பதிவு இருந்தால் அதைவிட அதிகம்). குறிப்பேட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தப் பிரிவு, மொழிபெயர்ப்பு எந்த மொழியில், ஒருவருக்கு எத்தனை நிமிடம். மாலையில் கூட்டிப் பார்த்தால் அந்த எண்களே பேசும்.

அமெரிக்கப் பக்கம் மட்டும் என்றாலும் ஆவணங்களை விட்டுப் போகாதீர்கள். நொகாலெஸிலிருந்து டூசானுக்குத் திரும்பும் ஐ-19 நெடுஞ்சாலையில் டூபாக் ஊருக்கு வடக்கே எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. (அந்தச் சாலையில் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும், அமெரிக்காவில் அபூர்வம். நம்மவர்களுக்குக் கணக்குப் போடும் வேலை மிச்சம்.) சந்தேகம் எதுவும் இல்லாமலே வண்டியை நிறுத்திச் சுருக்கமாகக் குடியுரிமை கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் மார்ட்டினெஸ்-ஃபுயர்ட்டே வழக்கில் சொல்லிவிட்டது. 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அசல் கடவுச்சீட்டும் ஐ-94-உம் கையில் இருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் உண்மையான பதில், அதிகப் பேச்சு வேண்டாம்.

எல்லைக்கல் | செப்டம்பர் 10, 2025

நேற்று விட்டுப்போனது. பாலைவனத்துக்குப் போகும் முந்தைய இரவு ஒரு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். டூசான் அடங்கிய பீமா கவுண்டியின் மருத்துவப் பரிசோதகர் (பிணப் பரிசோதனை செய்பவர்) அலுவலகத்தின் பதிவுகளைக் கொண்டு 'ஹியூமேன் பார்டர்ஸ்' அமைப்பு இணையத்தில் பொதுவில் வைத்திருக்கும் மரண வரைபடம். ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் ஒரு மனித உடல் அல்லது எலும்பு கிடைத்த இடம். புள்ளியைத் தொட்டால் தேதி, காரணம், பெயர் தெரிந்தால் பெயர். நாலாயிரத்தைத் தாண்டிய புள்ளிகள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் பெயரே இல்லை.

ஏன் இங்கே இத்தனை? 1993-இல் எல் பாசோவிலும் 1994-இல் சான் டியாகோவிலும் நகர எல்லைகளை அடைத்தார்கள். எல்லைக் காவல் படையின் 1994 திட்ட ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது: நகர வழிகளை மூடினால் வருகிறவர்கள் கடுமையான நிலப்பரப்புக்குத் தள்ளப்படுவார்கள், அங்கே பிடிப்பது எளிது. அதே 1994 ஜனவரி 1-இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது, மானியம் பெற்ற அமெரிக்கச் சோளம் மெக்சிகோச் சந்தைக்குள் புகுந்தது. கிராமத்தில் பிழைப்பு போன அதே காலத்தில் பக்கத்து வாசலும் மூடப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தராத பயணம் பாதிக் கல்விதான்.

நீர்மோர் | செப்டம்பர் 12, 2025

வெயில், தண்ணீர் பற்றி மருத்துவப் பக்கத்திலிருந்து.

அந்தப் பாலைவனத்தில் கோடையில் நடக்கும் ஒருவருக்கு நாளைக்கு 8 லிட்டர் வரை தேவைப்படும். எல்லையிலிருந்து வண்டி ஏறும் இடம் வரை 5 நாள் நடை என்று வையுங்கள். 40 லிட்டர், அதாவது 40 கிலோ. யாராலும் சுமக்க முடியாது. கையில் இருப்பது ஒரு கேலன் குடம் இரண்டு, ஒவ்வொன்றும் 3.8 லிட்டர். ஆக முதல் நாளே தண்ணீர் தீரும் என்பது கணக்கிலேயே இருக்கிறது. பிறகு மாட்டுத் தொட்டியின் பாசித் தண்ணீர், அதனால் வயிற்றுப்போக்கு, அதனால் இன்னும் நீர் இழப்பு. காலில் கொப்புளம் வந்தவர் பின்தங்குவார், வழிகாட்டி காத்திருக்க மாட்டான். கொப்புளம் சாவுக்குக் காரணமாவது இப்படித்தான். தண்ணீர் வைக்கும் தன்னார்வலர் பையில் காலுறையும் பிளாஸ்திரியும் இருப்பது அதனால்தான்.

உங்களுக்கு: எல்லைக்கல் ஒரு நாளைக்கு என்றது போதாது, அரைநாள் நடைக்கே ஆளுக்கு 4 லிட்டர். வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றும், வாந்தி வரும், பார்ப்பவர்கள் வெயில் தாக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். உப்புக் கடலை, உப்பு பிஸ்கட் கொறியுங்கள். ஒரு லிட்டருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, மேலே எலுமிச்சை பிழிந்தால் நம் வீட்டுச் சாறுதான்.

ஒருவருக்குத் தோல் சூடாகி, பேச்சுக் குழறினால் அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்); வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். நிழல், உடல் முழுக்க ஈரத்துணி, விசிறல், உடனே 911. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஒரு சீப்பு எடுத்துப் போங்கள். சோயா கள்ளியின் முள் உருண்டை துணியிலும் தோலிலும் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது, கையில் ஒட்டிக்கொள்ளும். சீப்பின் பற்களை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே விட்டு வெளிப்பக்கமாகத் தட்டிவிட வேண்டும். மிச்ச முள்ளுக்கு இடுக்கி.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை பருவமழை. ஓடையின் மணல் படுகையில் வண்டி நிறுத்தாதீர்கள், மழை வேறெங்கோ பெய்து வெள்ளம் இங்கே வரும். அக்டோபர் கடைசிக்குப் பிறகு பகல் இதம், ஆனால் இரவு நன்றாகக் குளிரும்.

கள்ளிப்பூ | செப்டம்பர் 12, 2025

அது சோயாவா சோயா பீன்ஸா? தேடினால் வேறென்னவோ வருகிறது.

நீர்மோர் | செப்டம்பர் 13, 2025

எழுதியது பிழை. 'சோய்யா' என்று அழுத்திச் சொல்ல வேண்டும். துள்ளும் கள்ளி என்று தேடினால் படம் கிடைக்கும். துள்ளாது, உரசினால் கழன்று ஒட்டிக்கொள்ளும்.

எல்லைக்கல் | செப்டம்பர் 13, 2025

தண்ணீர் வைப்பது குற்றமா என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டார்கள். பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஹியூமேன் பார்டர்ஸ் (2000-இல் தொடங்கியது) 55 கேலன் நீல பீப்பாய்களை நிலத்துச் சொந்தக்காரரின் அனுமதியோடு வைக்கிறது. உயரக் கம்பத்தில் நீலக் கொடி பறக்கும். 'நோ மோர் டெத்ஸ்' (2004) நடைபாதைகளிலேயே கேலன் குடங்களை வைக்கிறது. வனவிலங்குக் காப்பகத்தில் குடம் வைத்ததற்குக் குப்பை போட்டதாகத் தண்டிக்கப்பட்ட தன்னார்வலர் ஒருவரின் தண்டனையை 2010-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. குடிக்க வைத்த நல்ல தண்ணீர் அந்த விதியின் பொருளில் குப்பைதான் என்று தெளிவாகச் சொல்ல முடியாது என்பது காரணம். ஆனால் 2017-இல் கபேசா பிரியேட்டா காப்பகத்தின் நுழைவு அனுமதிச் சீட்டிலேயே உணவு, தண்ணீர் விட்டுப் போக மாட்டேன் என்ற நிபந்தனையைச் சேர்த்தார்கள்.

2018 ஜனவரி 17 அன்று நோ மோர் டெத்ஸ் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2012-க்கும் 2015-க்கும் இடையில் மட்டும் 3,586 கேலன் குடங்கள் உடைக்கப்பட்டதாக அதில் பதிவு. எல்லைக் காவலர்கள் குடத்தை உதைக்கும் காணொளியும் வெளிவந்தது. அன்றைக்கே ஆஹோ ஊரில் ஸ்காட் வாரன் என்ற தன்னார்வலர் கைதானார். இரண்டு மத்திய அமெரிக்க இளைஞர்களுக்கு உணவும் தண்ணீரும் படுக்க இடமும் கொடுத்ததற்கு. 2019 ஜூனில் நடுவர் குழு ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை, நவம்பர் 20 அன்று மறுவிசாரணையில் விடுதலை. நடுவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு.

ஆகவே பயணத்தில் வருபவர் தானாக எதையும் வைக்க வேண்டாம். அனுபவமுள்ள குழுவோடு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும். வழியில் ஒருவரைச் சந்தித்தால் தண்ணீர், உணவு, முதலுதவி கொடுக்கலாம். வண்டியில் ஏற்றாதீர்கள், ஆள் கடத்தல் பிரிவு (1324) அங்கேதான் பாயும். 911 அழைக்கட்டுமா என்று அவரிடம் கேளுங்கள், ஏனென்றால் மீட்புக்கு வருபவர் பெரும்பாலும் எல்லைக் காவலராகவே இருப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், அழையுங்கள்.

அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதாம் மக்களின் நிலத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்க அவர்களின் அனுமதி வேண்டும். 1853 காட்ஸ்டன் ஒப்பந்தத்தில் போட்ட கோடு அவர்களின் நாட்டை இரண்டாக வெட்டியது. அவர்களைக் கேட்டா போட்டார்கள்? சுமார் 100 கிலோமீட்டர் எல்லை அவர்கள் நிலத்தில் ஓடுகிறது. எல்லை தாண்டுவது என்றால் என்ன என்று பேசும்போது அவர்களிலிருந்து தொடங்குங்கள்.

பனங்கிழங்கு | செப்டம்பர் 18, 2025

இதெல்லாம் லத்தீன் அமெரிக்கர் கதை. தமிழருக்கு இதில் என்ன?

எல்லைக்கல் | செப்டம்பர் 19, 2025

தமிழருக்கு இதில் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. துரைசிங்கம் வழக்கு. விஜயகுமார் துரைசிங்கம், இலங்கைத் தமிழர், விவசாயி. 2017 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சான் இசித்ரோ அருகே எல்லையைத் தாண்டி 25 கெஜம், அதாவது 23 மீட்டர், வந்த இடத்தில் பிடிபட்டார். இலங்கையில் வேனில் கடத்தி அடித்தார்கள் என்றார். தஞ்ச அதிகாரி அவர் அடிபட்டதை நம்பினார், ஆனால் அடித்தவர் யார், ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை என்று 'நம்பத்தக்க அச்சம்' இல்லை என முடித்தார். வெள்ளை வேன் என்றால் என்ன என்று தெரிந்த எவருக்கும் அந்தக் கேள்வியின் பொருத்தமின்மை விளங்கும். கடத்துபவர் பெயர் சொல்லிவிட்டா கடத்துவார்?

வழக்கு மேலே போனது. 2020 ஜூன் 25 அன்று 7-2 என்று அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. விரைவு வெளியேற்றத்தில் (முழு விசாரணையின்றி உடனே திருப்பி அனுப்பும் நடைமுறை) உள்ளவர் ஆட்கொணர்வு மனு மூலம் அந்த முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது, எல்லைக்கு உள்ளே 23 மீட்டர் வந்தவரும் வாசலில் நிற்பவராகவே கருதப்படுவார் என்பது சாரம். நீதிபதி சோதோமயோர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி கேகனும் சேர்ந்துகொண்டார். இன்று எல்லையில் எந்த ஹோண்டுராஸ் பெண்ணின் வழக்கிலும் மேற்கோள் காட்டப்படும் பெயர் ஒரு ஈழத் தமிழனுடையது.

இந்தியர்கள்? 2023 நிதியாண்டில் அமெரிக்க எல்லைகளில் பதிவான இந்தியர் எண்ணிக்கை 96,917, அதில் நாற்பதாயிரத்துக்கு மேல் தெற்கு எல்லையில். பெரும்பாலும் பஞ்சாப், குஜராத், ஹரியானா. 2019 ஜூனில் அரிசோனாவின் லூக்வில் அருகே பஞ்சாபைச் சேர்ந்த 6 வயதுச் சிறுமி வெயிலில் இறந்தாள். தாய் தண்ணீர் தேடிப் போயிருந்தார்.

பனங்கிழங்கு | செப்டம்பர் 19, 2025

வழக்கு பற்றித் தெரியாது. கேட்டது தவறில்லை என்று நினைக்கிறேன், ஆனால் நன்றி.

எல்லைக்கல் | செப்டம்பர் 27, 2025

கேட்பது பற்றி. கேள்வி கேட்பதைச் சொல்லவில்லை, காது கொடுப்பதை.

"ஏன் வந்தீர்கள்", "எப்படி வந்தீர்கள்" இரண்டும் வேண்டாம். முதலாவதை அதிகாரி ஏற்கனவே கேட்டிருப்பார், இரண்டாவதற்குப் பதில் சொன்னால் கூட்டிவந்தவனுக்குத் தெரிந்து ஊரில் உள்ள குடும்பத்துக்கு ஆபத்து. சாப்பாடு எப்படி, ஊரில் இப்போது என்ன பருவம், பிள்ளைக்கு எத்தனை வயது. அவராகச் சொன்னால் கேளுங்கள். "உதவுகிறேன்" என்று எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர் எண் கேட்டால் தங்குமிடத்தின் பொறுப்பாளரைக் காட்டுங்கள்.

படம் எடுக்கவே வேண்டாம், முதுகுப்புறம்கூட. திரும்பும்போது சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகள் உங்கள் கைபேசியைத் திறந்து பார்க்க முடியும். வெளிநாட்டவர் மறுத்தால் நுழைவையே மறுக்கலாம். அந்தக் கைபேசியில் இருக்கும் முகமும் குரல்பதிவும் உங்களுக்கு நினைவு, அவருக்கு ஆதாரம். பாதுகாக்க முடியாததைச் சேகரிக்காதீர்கள். குறிப்பேட்டிலும் பெயர், ஊர் வேண்டாம்.

இப்போதைய நிலையையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் நுழைவாயிலில் தஞ்சம் கேட்கச் சிபிபி ஒன் என்ற அரசுக் கைபேசிச் செயலியில் முன்பதிவு நடந்தது. 2025 ஜனவரி 20 மதியம் அதை நிறுத்தி, பதிவு செய்து காத்திருந்தவர்களின் தேதிகளையும் ரத்து செய்தார்கள். ஆகவே வரிசையில் நிற்கும் கூட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் நாடுகடத்தப்பட்டவர்கள். இருபது வருடம் ஃபீனிக்ஸில் கூரை போட்டவர், பிள்ளைகள் அந்தப் பக்கம் பள்ளியில் இருப்பவர். எல்லை வெறிச்சோடிக் கிடந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று பொருளல்ல, அது உள்நாட்டுக்குள் நகர்ந்துவிட்டது.

கள்ளிப்பூ | அக்டோபர் 3, 2025

எங்கள் ஏற்பாட்டாளர் கணக்குத் தாளைக் காட்டினார். பேச்சாளர்களுக்கு மதிப்பூதியம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரும் சம்பளத்துக்கு. அக்வா பிரியேட்டாவுக்கும் (அரிசோனாவின் டக்ளஸுக்கு எதிரே உள்ள மெக்சிகோ ஊர்) ஒரு நாள் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள்.

எல்லைக்கல் | அக்டோபர் 3, 2025

குழுவில் தாண்டக்கூடியவர்கள் அவசியம் போகட்டும். டக்ளஸ் – அக்வா பிரியேட்டாவில் 'காஃபே ஹுஸ்தோ' என்ற காப்பிக் கூட்டுறவு இருக்கிறது. 2002-இல் தொடங்கியது. காப்பி விலை சரிந்தபோது தென் மெக்சிகோவில் சியாப்பாஸின் சல்வடோர் உர்பீனா கிராமத்திலிருந்து விவசாயிகள் வடக்கே வேலை தேடிப் புறப்பட்டார்கள். பச்சைக் கொட்டையை இடைத்தரகருக்கு விற்பதை விட்டு, எல்லையில் தாங்களே வறுத்து நேரே விற்றால் ஊரில் இருக்க முடியுமா என்று பார்த்தார்கள், முடிந்தது. அதே விலைச் சரிவு குடகையும் வயநாட்டையும் அடித்த காலம், எனவே நம் வாசகர்களுக்கு இது அந்நியமல்ல. புலம்பெயரும் உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் புலம்பெயராமல் இருக்கும் உரிமை பற்றியும் பேச வேண்டும். அதற்கு இதைவிட நல்ல பாடம் அந்தப் பகுதியில் இல்லை.

டக்ளஸில் செவ்வாய் மாலைகளில் ஒரு வழிபாடு நடக்கும். அந்தக் கவுண்டியில் இறந்தவர்களின் பெயர் எழுதிய சிலுவைகளைச் சாலையோரம் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே நடப்பார்கள். ஒருவர் பெயர் சொல்ல, மற்றவர்கள் "பிரசென்தே" என்பார்கள், இங்கே இருக்கிறார் என்று. நாள் திட்டத்தைச் செவ்வாய்க்கு ஒத்துவரும்படி போடுங்கள்.

எல்லைக்கல் | அக்டோபர் 10, 2025

இன்று அக்டோபர் 10. 2012-இல் இதே நாள் இரவு நொகாலெஸ், சொனோராவின் இன்டர்நாசியோனல் தெருவில் நடந்துகொண்டிருந்த 16 வயது ஹோசே அந்தோனியோ எலேனா ரோட்ரிகெஸை, சுவரின் இடைவெளி வழியாக எல்லைக் காவலர் ஒருவர் சுட்டார். சுவர் மேட்டில், தெரு பள்ளத்தில். 16 முறை சுட்டதில் 10 குண்டுகள் பட்டன, பெரும்பாலும் முதுகுப் பக்கம். கல் எறிந்தார்கள் என்பது தற்காப்பு வாதம். 2018-இல் இரண்டு விசாரணைகள் நடந்தன, தண்டனை இல்லை. எல் பாசோ எல்லையில் இப்படிச் சுடப்பட்ட இன்னொரு சிறுவனின் குடும்பம் தொடுத்த வழக்கில், இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரவே முடியாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு ஹோசேயின் தாய் தொடுத்திருந்த வழக்கும் முடிந்தது.

அந்த இடத்தில் அவன் உருவப்படம் இருக்கிறது. போகிறவர்கள் சுவரின் இடைவெளியைப் பாருங்கள். அங்கிருந்து தெருவைப் பாருங்கள். அந்தக் கல் எந்த உயரம் எழும்ப வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிடுங்கள். இதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம்தான், ஆனால் அந்தப் பள்ளத்தில் நின்றால் வாதம் தானாக விழுந்துவிடும்.

மணல்மேடு, உங்கள் கேள்விக்கு இதைத்தான் செப்டம்பரில் சொல்லியிருக்க வேண்டும். நீதிமன்றம், சாவடி, இந்தத் தெரு, மருத்துவப் பரிசோதகரின் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்க யாருடைய முகத்தையும் காட்சிப்பொருளாக்க வேண்டியதில்லை. தங்குமிடத்துக்குப் போவதை நீக்கிவிட்டால்கூடப் பயணம் நிற்கும் என்று இப்போது நினைக்கிறேன். கீனோ போன்ற இடங்கள் அழைத்தால் போகலாம், அழைக்காவிட்டால் குறை ஒன்றுமில்லை. முதலில் இதை இப்படிப் பிரிக்கவில்லை நான்.

மணல்மேடு | அக்டோபர் 11, 2025

இந்த வடிவில் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இரவு வட்டத்தை என்ன செய்வீர்கள்?

எல்லைக்கல் | அக்டோபர் 11, 2025

வட்டம் இருக்கட்டும். "உனக்கு எப்படி இருந்தது" என்று தொடங்கினால் இரண்டு மணி நேரம் போய்விடும். "இன்று பார்த்ததில் முடிவெடுத்தவர் யார், எந்தச் சட்டத்தின் பேரில், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம்" என்று தொடங்குங்கள். அழுகிறவர் அழட்டும், அதைத் தடுக்கக் கூடாது. நேரத்தின் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்குப் போகட்டும்.

ஆவணப்பெட்டி | அக்டோபர் 12, 2025

கிளம்பும் முன் இன்னொன்று. எல்லையை ஒட்டி ரூஸ்வெல்ட் ஒதுக்கீடு என்று 60 அடி (18 மீட்டர்) அகலக் கூட்டாட்சி நிலம் 1907 முதல் இருக்கிறது. 2025 ஏப்ரலில் நியூ மெக்சிகோவில் இதன் பகுதிகளையும் பிறகு (இந்த ஒதுக்கீடு இல்லாத) டெக்சாஸில் வேறு எல்லையோர நிலத்தையும் ராணுவப் பாதுகாப்புப் பகுதியாக்கி, உள்ளே நுழைபவர் மீது ராணுவ நிலத்தில் அத்துமீறல் வழக்கும் சேர்க்கிறார்கள். எந்தப் பகுதி சேர்ந்தது என்பது மாறிக்கொண்டே இருப்பதால் ஊருக்குள் பொதுச்சாலை தவிர வேறெங்கும் சுவரைத் தொடும் தூரத்துக்குப் போகாதீர்கள். எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டால் திரும்புங்கள். வெளிநாட்டு மாணவருக்குச் சின்ன வழக்கு என்று ஒன்று கிடையாது.

கள்ளிப்பூ | அக்டோபர் 12, 2025

நவம்பர் 9 புறப்பாடு. நான் அமெரிக்கப் பக்கம் மட்டும். திங்களும் புதனும் நீதிமன்றம், செவ்வாய் டக்ளஸ். சீப்பு வாங்கிவிட்டேன்.

எல்லைக்கல் | அக்டோபர் 12, 2025

செவ்வாய் நவம்பர் 11, படைவீரர் தினம். கூட்டாட்சி நீதிமன்றம் விடுமுறை, எனவே உங்கள் திட்டம் தற்செயலாகவே சரியாக அமைந்திருக்கிறது. விடுமுறைக்கு அடுத்த நாள் புதன்கிழமை இரண்டு நாள் வழக்குகள் சேர்ந்து பட்டியல் நீளமாக இருக்கக்கூடும். குறிப்பேட்டில் கூடுதல் பக்கம் விட்டு வையுங்கள், மதியச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.